விலங்குகளை நடத்தும் விதம் பற்றி மதங்கள் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்ரீத் நெருங்கும்போதும், ஆடி மாதக் கொடைவிழாக்களின்போதும், கோயில் யானை ஒன்று செய்தியில் அடிபடும்போதும் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்ன விஷயம் என்றால் அந்தக் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. எல்லா மதமும் உயிர்கள்கிட்ட அன்பா இருக்கத்தானே சொல்லுது? அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலப்பதால் வரும் குழப்பம் இது. விலங்கைக் கொல்லலாமா என்பது ஒன்று. உயிரோடு இருக்கும்வரை அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் மதங்கள் பிரிகின்றன. சமணம் கூடவே கூடாது என்கிறது. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் அனுமதிக்கின்றன. முதலும் மூன்றும் விரிவான நிபந்தனைகளோடு. பௌத்தமும் இந்து மரபுகளும் தமக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இரண்டாவது கேள்விக்கு வந்தால் வியக்கத்தக்க ஒற்றுமை: பட்டினி போடாதே, தாங்காத சுமை ஏற்றாதே, வேடிக்கைக்காக வதைக்காதே.

நடக்கும் சண்டையோ பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியது. அதிலும் அடுத்த மதத்துக்காரர் கையிலுள்ள கத்தியைப் பற்றியது. விலங்கு படும் துன்பத்தில் பெரும்பகுதி கத்திக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: கொட்டகையில், லாரியில், சந்தையில், கூண்டில். அந்த இடங்களுக்கும் மதங்களிடம் விதிகள் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

2. பைபிள்ல "ஆண்டுகொள்ளுங்கள்"னு இருக்கே, அப்போ விலங்கை என்ன வேணா செய்யலாம்னுதானே அர்த்தம்?

அந்த வசனம் ஆதியாகமம் 1:28. அதற்கு அடுத்த வசனத்திலேயே மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுவது விதை தரும் பயிர்களும் கனிகளும் மட்டும்தான். இறைச்சிக்கு அனுமதி வருவது பிரளயத்துக்குப் பிறகு, 9-ஆம் அதிகாரத்தில். அதுவும் இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்ற தடையோடு. ஆளுகை என்பதை மேய்ப்பனின் பொறுப்பு என்று படிக்க வேதத்திலேயே இடமிருக்கிறது.

வேறுவிதமாகப் படித்தவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக" என்ற மோசேயின் கட்டளையை எடுத்துக்கொண்டு, தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று பவுல் கேட்டு, அதை ஊழியரின் கூலிக்குப் பொருத்தினார் (1 கொரிந்தியர் 9). 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், விலங்கை வதைப்பது தவறு, ஏனென்றால் அந்தப் பழக்கம் மனிதனை வதைப்பதில் போய் முடியும் என்றார். விலங்கின் வலியே ஒரு காரணம் என்ற நிலைக்கு மேற்குத் திருச்சபை வர நெடுங்காலம் ஆனது.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களிலும் கிறிஸ்தவர்கள் முன்னால் நின்றார்கள். 1824-இல் லண்டனில் தொடங்கிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் முதல் செயலர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. அவருக்குப் பின் பொறுப்பேற்ற லூயிஸ் கோம்பர்ட்ஸ் ஒரு யூதர். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று எழுத்தில் சொல்கிறது (பத்தி 2418).

3. யூத மதத்துல இதுக்குத் தனி விதி ஏதாவது இருக்கா?

உண்டு, வேளாண் வேலையோடு ஒட்டிய, மிக நுணுக்கமான விதிகள். மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக்கூடாது: இரண்டின் பலமும் நடையும் வேறு, பலம் குறைந்தது இழுபடும். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கக்கூடாது. கூட்டில் குஞ்சையோ முட்டையையோ எடுத்தால் தாய்ப் பறவையை முதலில் பறக்கவிட வேண்டும். எதிரியின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடந்தாலும் இறங்கி உதவ வேண்டும். ஓய்வுநாள் மாட்டுக்கும் உண்டு. வளர்ப்பவர் தாம் உண்ணும் முன் விலங்குக்குத் தீனி வைக்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முது.

குட்டியிடம் தாய்க்கு உள்ள பாசத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடில்லை என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். தால்முதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அறுக்கக் கொண்டுபோன கன்று ஒன்று தப்பி வந்து, பேரறிஞர் யூதா ஹநாசியின் மேலங்கிக்குள் தலையை நுழைத்து அழுதது. "போ, இதற்காகத்தான் படைக்கப்பட்டாய்" என்று அனுப்பிவிட்டார். இரக்கமில்லாத அந்தச் சொல்லுக்காக அவருக்குப் பல ஆண்டுகள் நோய் வந்தது. வீட்டில் இருந்த மரநாய்க் குட்டிகளைக் காப்பாற்றிய பிறகே தீர்ந்தது. கன்றை அறுத்தது குற்றம் என்று கதை சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் குற்றம் என்கிறது.

4. இஸ்லாத்துல அறுக்கிற முறையைத் தவிர பிராணிகளைப் பத்தி வேற என்ன இருக்கு?

குர்ஆன் 6:38, பூமியில் திரியும் பிராணிகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. நபியின் சொல்லையும் செயலையும் பதிவு செய்த ஹதீஸ்களில் நடைமுறை விதிகள் நிறைய. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதற்காகவே தண்டனை பெற்றாள். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது. உயிருள்ளதைக் குறி வைத்து எறிந்து பழகக்கூடாது. முகத்தில் சூடு போடக்கூடாது. வாகனப் பிராணி நிற்கும்போது அதன் முதுகை இருக்கையாக்கி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வேலை முடிந்தால் இறங்கிவிட வேண்டும்.

இவற்றை நல்லொழுக்கக் கதைகளாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. ஷரீஅத் அறிஞர்கள் இவற்றைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள்: விலங்கின் தீனிச் செலவு உரிமையாளர்மேல் கடமை. கொடுக்க முடியாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

5. முஸ்லிம் வீட்ல நாய் வளர்க்கவே கூடாதா?

காவலுக்கும், ஆடுமாடு மேய்க்கவும், வேட்டைக்கும் வளர்க்கலாம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடில்லை. தேவையின்றி வீட்டுக்குள் வளர்ப்பதைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கச் சொல்கிறார்கள். எச்சில் அசுத்தம் என்பது தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் பரவலான ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நிலை. மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் அசுத்தமே இல்லை. எந்த மத்ஹபிலும் நாயை அடிக்கவோ பட்டினி போடவோ அனுமதி கிடையாது. 4-இல் சொன்ன தண்ணீர் ஹதீஸ் நாயைப் பற்றியதுதானே.

6. புத்தர் அகிம்சை போதிச்சவர். பிக்குகள் எப்படி இறைச்சி சாப்பிடுறாங்க?

பிக்கு சமைப்பதில்லை, பாத்திரத்தில் விழுவதை உண்பவர். அதனால் விதி அதற்கேற்ப அமைந்தது. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்திருந்தால், கேட்டிருந்தால், அப்படிச் சந்தேகம் வந்தால் ஏற்கக்கூடாது. மூன்றும் இல்லையென்றால் ஏற்கலாம். அப்போதும் மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி ஆகிய பத்தின் இறைச்சிக்கு முழுத் தடை. பிக்குகள் அனைவரும் மரக்கறி மட்டுமே உண்ண வேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார் என்கிறது பிக்குகளின் விதிநூலான வினய பிடகம். தேரவாத நாடுகளில், அதாவது இலங்கை, தாய்லாந்து, மியன்மாரில், இதுவே நிலை. இல்லறத்தாருக்கு வேறொரு தடை இருக்கிறது: உயிர் வணிகமும் இறைச்சி வணிகமும் தகாத தொழில்கள்.

பௌத்தத்தின் இன்னொரு கிளையான மகாயானம் வேறு வழியில் போனது. இலங்காவதார சூத்திரம் இறைச்சியை வெளிப்படையாகக் கண்டிக்கிறது. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் லியாங் பேரரசர் வூ பிக்குகளுக்கு மரக்கறியை ஆணையாகவே ஆக்கினார். சீன மடங்களில் இன்றுவரை அதுதான். ஜப்பானில் 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை போட்டார்.

அரசனே தன் அடுக்களையைத் திருத்திய செய்தி அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டில் இருக்கிறது: முன்பு ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட இடத்தில் இப்போது நாளுக்கு இரண்டு மயில், ஒரு மான், மானும் எப்போதும் இல்லை, இனி இவையும் இராது. இரண்டாம் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. அந்த ஏற்பாடு சென்ற நாடுகளின் வரிசையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் இருக்கின்றன.

7. சமணர்கள் உருளைக்கிழங்கு கூட சாப்பிட மாட்டாங்களாமே, அது ஏன்?

சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. செடி, நீர், நெருப்பு, மண், காற்று ஓருணர்வு; புழு ஈருணர்வு; எறும்பு மூவுணர்வு; வண்டு, ஈ நாலுணர்வு; மாடும் மனிதனும் ஐயுணர்வு. (தொல்காப்பிய மரபியலும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பதைத் தமிழ் படித்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.) முழுக்க ஹிம்சை இன்றி வாழ முடியாது என்பதால், உணர்வு குறைந்த உயிருக்கு, அதிலும் மிகக் குறைந்த எண்ணிக்கைக்கு மட்டும் தீங்கு நேரும்படி உண்பது இல்லறத்தார் கடமை. கிழங்கு முழுச்செடியையும் பிடுங்கினால்தான் கிடைக்கும். ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பது என்றும் அதைக் கருதுகிறார்கள். தோண்டும்போது மண்புழுவும் பூச்சியும் சாகும். உருளை, வெங்காயம், பூண்டு, கேரட், இஞ்சி விலக்கப்படுவது இதனால்தான். இருட்டில் விழும் பூச்சி தெரியாது என்பதால் சூரியன் மறையும் முன் சாப்பாடு. தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு, அந்தத் துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீருக்கே திருப்பி விடுவதும் உண்டு.

டெல்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை இலவசம். குணமான பறவையைக் கொண்டுவந்தவரிடம் திருப்பித் தருவதில்லை, பறக்கவிடுகிறார்கள். ஊன் உண்ணும் பருந்து, வல்லூறு வந்தால் வெளிநோயாளியாக மருந்திட்டு அனுப்புகிறார்கள், உள்ளே தங்கவைப்பதில்லை. காரணம், அவற்றுக்கு இறைச்சி போட வேண்டிவரும். அகிம்சை தன் எல்லையில் முட்டி நிற்கும் இடம் இது. இதற்குச் சமணத்துக்குள்ளேயே எளிய விடை கிடையாது.

8. இந்து மதம் சைவ உணவு மதம்தானே?

சாதியையும் வட்டாரத்தையும் சம்பிரதாயத்தையும் பொறுத்தது. வேத வேள்விகளில் விலங்கு பலி இருந்தது. மனுவின் 5-ஆம் அத்தியாயம் வேள்விக் கொலை கொலையாகாது என்றும் சொல்கிறது, இறைச்சிக்கு ஒப்புதல் தருபவர் முதல் உண்பவர்வரை எல்லோரும் கொலையாளிகளே என்றும் சொல்கிறது. உள்முரண் நூலிலேயே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு மத்வர் வேள்வியில் மாவால் செய்த விலங்கைப் படைக்கச் சொன்னார். நம் ஊரில் குங்குமம் தடவிய வெண்பூசணியை உடைப்பதும் இதே வகை மாற்று. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டிய பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துச் செல்கிறான். அதற்காக ஊரால் விரட்டப்படுகிறான்.

தமிழில் இந்தக் குரல் மிகப் பலமானது. "அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று" என்பது குறள் 259. 19-ஆம் நூற்றாண்டில் வள்ளலார், சீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று வைத்தார். ஆனால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் குலதெய்வ வழிபாட்டை "உண்மையான இந்து முறை இல்லை" என்று தள்ளிவிடுவது வரலாறும் ஆகாது, நியாயமும் ஆகாது.

9. நான் வெட்டலையே, கடையில வாங்கித்தானே சாப்பிடுறேன். எனக்கு என்ன பாவம்?

6-இல் பார்த்த பௌத்த விதி இந்த வாதத்துக்குப் பக்கபலம் போலத் தெரியும். அந்த விதி தெருத்தெருவாகப் பிச்சை ஏற்ற துறவிக்கானது. அவர் வருவாரா என்று தெரியாமலே வீட்டில் சமைத்திருப்பார்கள். கடையில் அப்படி இல்லை. இன்று விற்றதைப் பார்த்துத்தான் நாளைக்கு எத்தனை ஆடு என்று தீர்மானிக்கிறார்கள்.

வள்ளுவர் இந்த இடத்தைத்தான் பிடித்தார்: "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்" (256). வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவர் இல்லை. வாங்குபவரையும் சமைப்பவரையும் சேர்த்து எண்ணும் மனுவின் பட்டியலும் இதே பக்கம். யூதமும் இஸ்லாமும் கேள்வியை வேறாக வைக்கின்றன. அனுமதிக்கப்பட்ட விலங்கை முறையாக அறுத்து உண்பது பாவமில்லை. முறை தவறியதைத் தெரிந்தே வாங்குவது குற்றம்.

10. சீக்கியர்கள் ஹலால் சாப்பிட மாட்டாங்களாமே?

அமிர்தம் ஏற்ற (தீட்சை பெற்ற) சீக்கியர்களுக்குச் சடங்கு முறையில் அறுத்த இறைச்சி தடை. உண்பவர்கள் ஒரே வெட்டில் தலையைத் துண்டிக்கும் ஜட்கா முறையை ஏற்கிறார்கள். இறைச்சி கூடாது என்று வாழும் சீக்கியர்களும் பலர். எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதால் குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் எப்போதும் மரக்கறிதான்.

11. ஹலால், கோஷர் முறையில அறுத்தா விலங்குக்கு வலிக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

விதி என்ன, நடப்பது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். யூத முறையில் (கோஷர்) அறுப்பவர் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர். கத்தியில் மயிரிழை அளவு பிசிறும் இருக்கக்கூடாது. அறுக்கும் முன்னும் பின்னும் நகத்தில் ஓட்டிப் பார்ப்பார். இடையில் நிறுத்தினாலோ, கத்தியை அழுத்தினாலோ, தோலுக்கடியில் செருகினாலோ, உரிய இடம் தவறினாலோ, குழாய் கிழிந்தாலோ இறைச்சி செல்லாது. இஸ்லாமிய முறையில் இறைவன் பெயர் சொல்லி மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபுற இரத்தக் குழாய்களை அறுக்க வேண்டும். கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்குச் சிரமத்தைக் குறையுங்கள் என்பது ஹதீஸ். அதன் கண்முன் தீட்டக்கூடாது, மற்றொன்று பார்க்க அறுக்கக்கூடாது.

இனி உடற்கூறு. ஆட்டின் மூளைக்குப் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கக் குழாய்கள்தான் இரத்தம் தருகின்றன. சரியாக அறுத்தால் பொதுவாகச் சுமார் 15 விநாடிக்குள் உணர்வு போய்விடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டிய குழாய்களும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகின்றன; அவை அறுபடுவதில்லை. வெட்டுப்பட்ட குழாயின் முனை உள்ளிழுத்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் சில மாடுகள் ஒரு நிமிடத்தைத் தாண்டியும் உணர்வோடு இருக்கும். 2009-இல் வெளிவந்த நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழக ஆய்வுகள், கன்றுகளின் மூளை அலைகளில் அறுப்பின்போது வலிக்குரிய மாற்றம் தெரிவதைப் பதிவு செய்தன. அமெரிக்க விலங்கு நல அறிஞர் டெம்பிள் கிராண்டின், அமைதியாக நிற்கவைத்துப் பிடித்து, நல்ல கத்தியால் தேர்ந்தவர் அறுக்கும்போது மாடு மிகக் குறைவாகவே எதிர்வினை காட்டியதை விவரித்திருக்கிறார்.

ஆகவே "வலியே கிடையாது" என்பதும் நிற்காது, "மதமுறை என்றாலே கொடூரம்" என்பதும் நிற்காது. பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: மழுங்கிய அல்லது குட்டையான கத்தி, அவசரம், உயிரோடு காலைக் கட்டித் தொங்கவிடுவது, தரையில் தள்ளி மல்லுக்கட்டுவது, துடிப்பு அடங்கும் முன் தோலுரிப்பது. இவற்றில் பல மத விதிக்கும் எதிரானவை.

12. மயக்கம் கொடுத்துட்டு அறுத்தா ஹலால் ஆகுமா?

மயக்கும் முறை எது என்பதைப் பொறுத்தது. தலையில் மட்டும் மின்சாரம் செலுத்தும் முறையில் விலங்கு உணர்விழக்கும், சாகாது. அறுக்காமல் விட்டால் சில நிமிடங்களில் எழுந்து நடக்கும். அறுக்கும்போது உயிர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறுவதால் பல ஹலால் சான்று அமைப்புகள் இதை ஏற்கின்றன. நியூசிலாந்தின் ஹலால் ஏற்றுமதி இந்த முறையில்தான் நடக்கிறது. மண்டையைத் துளைக்கும் துப்பாக்கி முறையைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. கோழிகளை மின்னூட்டிய நீரில் முக்கும்போது சில அதிலேயே செத்துவிடுவதால் அங்கே சந்தேகம் நிற்கிறது. யூத முறை முன்மயக்கத்தை ஏற்காது. அறுத்த உடனே மயக்குவதைச் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவில் இது நீதிமன்றம் வரை போனது. பெல்ஜியத்தின் பிராந்தியங்கள் மயக்கத்தைக் கட்டாயமாக்கியதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020-லும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024-லும் ஏற்றன. இந்தத் தடைகளின் பழைய வரலாறு அழுக்கானது. சுவிட்சர்லாந்தின் 1893 தடையில் யூத வெறுப்பு கலந்திருந்தது. 1933-இல் நாஜி அரசு வந்ததும் யூத அறுப்பைத் தடை செய்தது. விலங்கு நலம் பேசுபவர் இதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் எதிரில் இருப்பவரின் அச்சம் புரியும்.

13. நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது இச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது. கொல்லும் முறைக்கு மட்டுமே விலக்கு. அடிப்பது, பட்டினி போடுவது, துன்பம் தரும்படி ஏற்றிச்செல்வது எல்லாம் 11-ஆம் பிரிவின்படி குற்றமே. பண்டிகை என்பதால் விலக்கில்லை. ஆனால் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. சட்டம் பல்லில்லாமல் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

2001 அறுவைக்கூட விதிகள்படி சினை விலங்கு, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி, அப்படிப்பட்ட குட்டியுள்ள தாய் ஆகியவற்றை அறுக்கக்கூடாது. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஒன்றின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது. கடைசி விதியை 11-இல் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

14. தமிழ்நாட்டுல கோயில்ல கிடா வெட்டத் தடை இருக்கா, இல்லையா?

1950-இல் வந்த விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் பல பத்தாண்டுகள் ஏட்டில் தூங்கியது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. கிராமக் கோயில்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. கேரளத்தில் 1968-இன் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது.

வழிபாட்டுக்குள்ளேயே ஒரு நிதானம் உண்டு. மஞ்சள் நீர் தெளித்து, ஆடு உடம்பைத் துலுக்கிய பிறகே வெட்டுவார்கள். சம்மதம் என்று கொள்வார்கள். பழைய கிரேக்கர்களும் நீர் தெளித்துத் தலையசைப்பைப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டால் உதறுவது ஆட்டின் இயல்புதான். ஆனாலும் கேட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சடங்கில் இருக்கிறது. கொடையில் வெட்டியே தீர வேண்டும் என்கிற ஊர்களில் செய்யக்கூடியவை: ஆடுகளை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுவது, பழகிய கை, தீட்டிய அரிவாள், ஒரே வெட்டு, மற்ற ஆடுகளை மறைவில் வைப்பது, குடித்தவர் கையில் அரிவாளைக் கொடுக்காதது. பாதி வெட்டோடு ஆடு ஓடும் கோரம் பெரும்பாலும் கடைசிக் காரணத்தால் வருவது.

15. குர்பானிக்கு ஆடு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

குர்பானி எனும் பக்ரீத் பலிக்கு, வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில் இரண்டு வயது. மாட்டுக்கு இரண்டு, ஒட்டகத்துக்கு ஐந்து. சந்தையில் வயதைப் பல்லால் பார்ப்பார்கள்: முன்பக்கப் பால்பல் இரண்டு விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வயது. கண் தெரியாதது, நொண்டி, நோய் வெளியே தெரிவது, எலும்பும் தோலுமானது செல்லாது. எட்டயபுரம் போன்ற பெரிய ஆட்டுச் சந்தைகளில் பண்டிகை நேரத்தில் விலை ஏறும்போது, எடை கூட்ட வலிந்து தண்ணீர் புகட்டிய ஆடும் வரும். வயிறு மட்டும் இருபுறமும் உப்பி, மூச்சு வாங்கி, அசைபோடாமல் நிற்கும்.

கடைசி நாளில் வாங்கி, இருசக்கர வாகனத்தில் காலைக் கட்டித் தலைகீழாகக் கொண்டுபோவது மிகப் பெரிய தவறு. இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கி நிழலில் வையுங்கள். அறுப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன் தீனியை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது. "அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது" என்ற வசனம் (22:37) இதே குர்பானியைப் பற்றியது.

16. கூண்டுப் பறவையை வாங்கிப் பறக்கவிட்டா புண்ணியம்தானே?

சீனா, தைவான், தாய்லாந்தில் பௌத்தக் கோயில்களைச் சுற்றி இது பெரிய வணிகம். விடுவிப்பதற்காகவே வலை போட்டுப் பிடிக்கிறார்கள். பிடிக்கும்போதும் கூண்டிலும் பல சாகின்றன. பறந்தவை திரும்பப் பிடிபடுகின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமைகளைக் குளத்தில் விட்டதால் தைவானில் உள்ளூர் ஆமைகள் இடத்தை இழக்கின்றன. நம் ஊரில் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காசு கொடுத்து வாங்கினால் அடுத்த கூண்டுக்கு முன்பணம் கொடுத்ததாகும். 9-இல் பார்த்த குறள் இங்கும் பொருந்தும். புண்ணியத்துக்குச் செலவிட வேண்டும் என்றால் காயம்பட்ட பறவையின் சிகிச்சைச் செலவை ஏற்கலாம்.

17. கோயிலுக்குப் பசு தானம் கொடுக்கலாமா? அகத்திக்கீரை தர்றதுல தப்பு ஏதாவது?

"யாவர்க்குமாம் பசுவுக்கு ஒரு வாயுறை" என்றார் திருமூலர். வாயுறை என்றால் ஒரு வாய். அமாவாசையன்று கோயில் வாசலில் கட்டிய பசுவுக்கு நூறு பேர் வெல்லம், வாழைப்பழம், பொங்கல், சோறு என்று கொடுப்பது வாயுறை ஆகாது. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் பெருவயிற்றில் புளித்து அமிலம் கூடும். அசை நிற்கும், வயிறு உப்பும், மாடு செத்தும் போகும். கீரையும் பசும்புல்லும் அளவாகக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையோடு போடாதீர்கள்.

பசு தானம் என்றால் தீனியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 15 முதல் 25 கிலோ பசுந்தீவனம், சுமார் 5 கிலோ வைக்கோல், 40 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். இடமும் ஆளும் இல்லாத கோயிலில் விட்டால், காளைக்கன்றும் கறவை நின்ற பசுவும் ஏலத்தில் யார் கைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

18. பால் மட்டும் குடிக்கிறோம், கொல்றதில்லை. அது சரிதானே?

கன்று போட்டால்தான் பால். பாதிக்குப் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் போன பிறகு அதற்கு வேலையில்லை. பசு சுமார் 20 ஆண்டு வாழக்கூடியது. கறவை லாபம் தருவது அதில் சில ஆண்டுகள்தான். மீதியை யார் தாங்குவது என்பதற்குப் பதில் சொல்லாமல் பாலை அகிம்சை உணவு என்பது கடினம். லண்டனுக்கு அருகிலுள்ள பக்திவேதாந்த மேனர் கோயில் பண்ணையில் மாடுகளைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். காளைகளை வேலைக்குப் பழக்குகிறார்கள். இப்படிக் கறக்கும் பாலுக்கு அடக்கவிலை சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசம்தான் மற்ற பாலில் மாடு கொடுக்கும் விலை.

19. கோயில் யானையை நல்லாத்தானே கவனிக்கிறாங்க?

பாசத்துக்குக் குறைவில்லை. குறை தரையிலும் தனிமையிலும் இருக்கிறது. காட்டில் கூட்டமாகப் பல கிலோமீட்டர் நடக்கும் விலங்கை ஒற்றையாகக் கருங்கல்லிலோ கான்கிரீட்டிலோ நிறுத்தினால் உள்ளங்கால் வெடித்துப் புண்ணாகும், நகம் பழுதாகும். 150 கிலோவுக்கு மேல் நார்த்தீனி தின்ன வேண்டியது, சோற்றுருண்டையிலும் வெல்லத்திலும் எடை கூடுகிறது. நடை, குளியல், தீனி பற்றித் தமிழ்நாட்டின் 2011 வளர்ப்பு யானை விதிகள் விவரமாகச் சொல்கின்றன. 2003-இல் முதுமலையில் தொடங்கிப் பின்னர் தேக்கம்பட்டிக்கு மாறிய நலவாழ்வு முகாமில் யானைகள் மண்ணில் நின்று, ஆற்றில் குளித்து, வேறு யானையைப் பார்த்தன. ஆண்டு முழுதும் வேண்டியதும் அதுதான். திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் 2023-இல் இயந்திர யானைக்கு மாறியது.

20. விலங்குக்கு ஆன்மா உண்டா? என் நாய் சொர்க்கத்துக்குப் போகுமா?

பிறவிச் சுழற்சியை நம்பும் இந்து, சமண மரபுகளில் இது கேள்வியே இல்லை. ஒரே உயிர்தான் உடல் மாறி வருகிறது. திருவானைக்காவில் சிலந்தியும் யானையும் வழிபட்டுப் பேறு பெற்றதாகப் புராணம். நாயை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் வேண்டாம் என்றான் தருமன். இஸ்லாத்தில் மறுமை நாளில் கொம்புள்ள ஆட்டிடமிருந்து கொம்பில்லாத ஆட்டுக்கும் நியாயம் வாங்கித் தரப்படும் என்று ஹதீஸ் உண்டு. கிறிஸ்தவத்தில் விலங்கின் ஆன்மா அழிவது என்பது அக்குவினாஸ் வழி. மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-இல் எழுதிய பிரசங்கத்தில், ரோமர் 8-ஐ வைத்து விலங்குகளும் மீட்கப்படும் என்றார்.

21. பிராய்லர் கோழியை முறைப்படி அறுத்தாலும், வளர்த்த விதம் கொடுமையா இருந்தா அது ஹலாலா? கோஷரா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி. மத அறிஞர்களும் இதில்தான் இப்போது பிரிகிறார்கள். கறிக்கோழி 35 முதல் 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும் கோழிகள் ஒவ்வொரு கொட்டகையிலும் உண்டு. முட்டைக்கோழிக்குக் கம்பிக் கூண்டில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஏ4 தாளைவிடச் சிறியது. இறக்கை விரிக்க முடியாது. முட்டையினத்தில் பொரிந்த சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். எந்தப் பழைய நூலும் இதைக் கண்டதில்லை.

ஒரு சாரார், அறுப்பு சரியென்றால் இறைச்சி செல்லும், வளர்ப்பின் கொடுமை தனிக் குற்றம் என்கிறார்கள். இதை மறுப்பவர்களுக்கும் பழைய சட்டத்துக்குள்ளேயே பிடிமானம் இருக்கிறது. அசுத்தம் தின்ற பிராணியை அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பிறகே உண்ண வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டம். கோழிக்கு மூன்று நாள் என்ற வழக்கம் இப்னு உமரிடமிருந்து வருகிறது. என்ன தின்று எப்படி வளர்ந்தது என்பது சட்டத்துக்குப் புறம்பான விஷயம் இல்லை என்பதற்கு இதுவே சான்று. யூதரில் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டீன் 1980-களில், கன்றை அசையவிடாமல் கட்டிவைத்து, வெளுத்த இறைச்சிக்காக வளர்ப்பது கூடாது என்று தீர்ப்பு எழுதினார். பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர், கூண்டில் நெருக்கிய கோழிகளையும் ஈரலுக்காகத் தீனி திணிக்கப்படும் வாத்துகளையும் சொல்லி, உயிரைச் சரக்காக்குவது வேதம் சொல்லும் உறவுக்கு முரண் என்றார். 2003-இல் இஸ்ரேல் உச்சநீதிமன்றம் வாத்துக்குத் தீனி திணிக்க அனுமதித்த விதிகளைச் செல்லாதென்றது. உலகின் பெரிய வாத்து ஈரல் உற்பத்தி நாடுகளில் ஒன்றாக இருந்த அங்கே அந்தத் தொழில் முடிவுக்கு வந்தது.